23 வருடம் கழித்துப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போவது எப்படி

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கினால் போதும், பாவசங்கீர்த்தனம் செய்வது, அதாவது கத்தோலிக்கக் குருவானவரிடம் (நாங்கள் சாமி என்போம்) பாவங்களைச் சொல்லி மன்னிப்புப் பெறுவது, எப்படி என்று கேட்டு என்னைத் தேடி இரண்டு பேராவது வந்துவிடுவார்கள். வீட்டுக்கு வரமாட்டார்கள். மலேசியாவில் கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் நான் காலையில் உட்காரும் சாப்பாட்டுக் கடையில்தான் பிடிப்பார்கள். இந்த வருடம் வந்தவர் முன்பு செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தே தாரேக் டீயை ஆற்றி ஆற்றியே ஆறவைத்துவிட்டு, பக்கத்து மேசை காலியானதும் கேட்டார்: “கிராணி, நான் கடைசியா பாவசங்கீர்த்தனம் பண்ணது உறுதிபூசுதல் வாங்கினப்போ. இப்போ பேரன் புது நன்மை வாங்கப் போறான். அன்னைக்கு நான் மட்டும் பெஞ்சுலயே உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்? ஆனா உள்ள போனா எப்படித் தொடங்குறதுன்னே தெரியல.”

புது நன்மை என்பது பூசையில் முதல் தடவை நற்கருணை வாங்குவது. அவருக்குச் சொன்னதைத்தான் எழுதுகிறேன். நான் உபதேசியார் இல்லை. ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தாவாக, வேலை பார்த்தவன், எழுபது தாண்டியாச்சு. ஒரே தகுதி, நானே 23 வருடம் போகாமல் இருந்து, 2004-ல் போனவன்.

முதலில் ஒரு தப்பை எடுத்துவிடுவோம், ஏனென்றால் என்னை அத்தனை வருடம் வெளியே நிறுத்தி வைத்தது அதுதான். ‘எல்லாவற்றையும் சரி பண்ணிவிட்டு அப்புறம் போகலாம்’ என்ற நினைப்பு. குடியை விட்ட பிறகு, கடனைக் கட்டிய பிறகு, தம்பியோடு பேசிய பிறகு, அப்புறம் சாமியிடம் போகலாம். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் லூக்கா 19-ல் சக்கேயு கதையை வரிசை பார்த்துப் படியுங்கள். அவன் வரி வசூலிக்கிறவன், ஊரான் காசைத் தின்றவன். மரத்தில் ஏறிப் பார்த்துக்கொண்டிருந்தவனை இயேசு பேர் சொல்லிக் கூப்பிட்டு, ‘இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில்தான் தங்கப் போகிறேன்’ என்கிறார். அதற்குப் பிறகுதான் சக்கேயு, ஏமாற்றியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று வாய் திறக்கிறான். காசைக் கட்டிவிட்டு வா என்று அவனிடம் யாரும் ரசீது கேட்கவில்லை. ஊதாரி மகன் கதையிலும் இதே வரிசைதான். மகன் மனப்பாடம் பண்ணி வந்த பேச்சை முடிப்பதற்குள் அப்பா ஓடி வந்து கட்டிப்பிடித்துவிடுகிறார்.

ஆகவே முதலில் போங்கள், அப்புறம் கட்டுங்கள். கட்டாமல் விட்டுவிடலாம் என்று சொல்லவில்லை. அதற்கும் வருகிறேன்.

எங்கே, யாரிடம் என்பது அடுத்தது. சொந்தப் பங்குச் சாமியிடம்தான் போக வேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அதிகாரம் உள்ள எந்தக் குருவானவரிடமும் போகலாம். நம்முடையது சின்ன ஊர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாமியோடு கைகுலுக்கும்போது அவர் கண்ணைப் பார்க்க வேண்டியிருக்கும். அது கூச்சமாக இருந்தால் வேறு ஊருக்குப் போங்கள். வடக்கே இருக்கிறவர்களுக்கு நல்ல இடம் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் ஆலயம். ஜூலை 26 திருநாள். அதற்கு முந்தைய நவநாட்களில் பல ஊர்ச் சாமிமார்கள் வந்து உட்கார்வார்கள், தமிழ், இங்கிலீஷ், சீனம், மலாய் என்று வரிசை இருக்கும், கூட்டத்தோடு கூட்டமாக நீங்களும் ஒரு ஆள். மற்ற நாட்களில் பெரும்பாலான கோயில்களில் சனிக்கிழமை மாலைப் பூசைக்கு முன்னால் சாமி இருப்பார். இல்லையென்றால் போன் போட்டு நேரம் கேளுங்கள். எதற்கு என்று விளக்க வேண்டாம், ‘பாவசங்கீர்த்தனத்துக்கு’ என்று ஒரு சொல் போதும்.

சாமி வெளியே சொல்லிவிடுவாரோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. சொல்ல மாட்டார். போலீஸ் கேட்டாலும், கோர்ட் கேட்டாலும், தன் உயிருக்கே ஆபத்து என்றாலும் சொல்லக் கூடாது. நேரடியாக வெளியிட்டால் அந்த நொடியே அவர் திருச்சபைக்கு வெளியே போய்விடுவார், அப்படி ஒரு தண்டனை. 1983-ல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில் இது எழுதியே இருக்கிறது. அதே சட்டத்தில் மொழி தெரியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. உங்கள் சாமிக்குத் தமிழ் தெரியாவிட்டால், விரும்பினால் ஒருவரை மொழிபெயர்க்க வைத்துச் சொல்லலாம், அந்த ஆளும் ரகசியத்துக்குக் கட்டுப்பட்டவர். நான் பார்த்தவரை யாரும் அப்படிச் செய்வதில்லை, உடைந்த மலாயிலேயே சமாளித்துவிடுகிறார்கள். போனை நீட்டி மொழிபெயர்க்கிற வேலை மட்டும் வேண்டாம், ஐயா. போன் யாருக்கும் சத்தியம் பண்ணிக் கொடுக்கவில்லை.

கல்யாண விஷயத்தில் சிக்கல் உள்ளவர்கள், அதாவது பதிவு மட்டும் பண்ணிக்கொண்டவர்கள், வேறு கோயிலில் தாலி கட்டியவர்கள், முதல் துணையை விட்டுப் பிரிந்து இன்னொருவரோடு இருப்பவர்கள், வரிசையில் நிற்பதற்கு முன் சாமியிடம் தனியாக அரை மணி நேரம் கேட்டுப் பேசுங்கள். அது வேறு வழியாகப் போய்த் தீர வேண்டிய காரியம்.

இனி தயாரிப்பு. இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்.

சின்ன வயதில் நமக்கு ஐந்து காரியம் சொல்லிக் கொடுத்தார்கள். பாவங்களை நினைவுக்குக் கொண்டுவருவது, மனஸ்தாபப்படுவது, இனிச் செய்வதில்லை என்று தீர்மானிப்பது, சாமியிடம் சொல்வது, அவர் இடும் அபராதத்தைத் தீர்ப்பது. வாய்ப்பாடு மாதிரி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஆனால் இருபது முப்பது வருடப் பாவத்தை நினைவுக்குக் கொண்டுவர வாய்ப்பாடு போதாது. பத்துக் கட்டளையை வரிசையாக எடுத்தால் கொலை இல்லை, பொய்ச்சாட்சி இல்லை, அடுத்தவன் மாட்டுக்கு ஆசைப்பட்டதில்லை என்று நாம் பாட்டுக்குத் தப்பித்துக்கொண்டே போவோம்.

நான் சொல்வது நிரை பிடிக்கிற முறை. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்களுக்குச் சட்டென்று புரியும். காலையில் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, முடிந்து நிரைக்குள், அதாவது மர வரிசைக்குள், இறங்கினால் எந்த மரத்தையும் தாண்ட முடியாது. கோணல் மரம், காய்ந்த மரம், எறும்புக் கூடு கட்டிய மரம், எல்லாவற்றின் முன்னாலும் ஒரு தடவை நின்றுதான் ஆக வேண்டும். அதே மாதிரி உங்கள் ஆட்களை ஒவ்வொருவராக எடுங்கள். அம்மா அப்பா. கூடப் பிறந்தவர்கள். கட்டியவள் அல்லது கட்டியவன். பிள்ளைகள். கூட வேலை பார்த்தவர்கள். கடன் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள். பக்கத்து வீடு. ஒவ்வொரு ஆள் முன்னாலும் நின்று, ‘நான் இவருக்கு என்ன பண்ணினேன்?’ என்று மட்டும் கேளுங்கள். அவர் உங்களுக்குப் பண்ணியது இந்தக் கணக்கில் வராது. கடைசியில் கடவுள் முன்னாலும் அப்படியே நில்லுங்கள். பூசைக்குப் போகாத ஞாயிறுகள், கோபத்தில் சொன்ன வார்த்தைகள், நாலு எண் லாட்டரி அடிக்க வேண்டும் என்று வைத்த நேர்த்திக்கடன்.

காகிதத்தில் எழுதுங்கள். முழுதாக எழுத வேண்டாம், உங்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி ஒரு எழுத்து, ஒரு எண். பையன் எடுத்துப் பார்த்தால் சீட்டுக் கணக்கு என்று நினைக்க வேண்டும். முடிந்த பிறகு எரித்துவிடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே எடையில் போடாதீர்கள். சாவான பாவம், அற்பப் பாவம் என்று இரண்டு உண்டு. விஷயம் கனமானதாக இருக்க வேண்டும், தப்பு என்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் மனதாரச் செய்திருக்க வேண்டும். மூன்றும் சேர்ந்தால் சாவான பாவம். அதை என்ன வகை, ஏறக்குறைய எத்தனை தடவை என்று சொல்லியாக வேண்டும். ஏறக்குறைய என்றால் ‘ஆறு வருடம், வேலை நாள் எல்லாம்’ என்கிற மாதிரி. தேதி யாரும் கேட்க மாட்டார்கள். அற்பப் பாவங்களைச் சொல்வது நல்லது, ஆனால் 23 வருடச் சின்னப் பொய்களுக்குப் பட்டியல் போட்டால் வரிசையில் பின்னால் நிற்கிறவர் புதுப் பாவம் கட்டிக்கொள்வார்.

என் காகிதத்தில் ‘நு’ என்று ஒரு எழுத்து இருந்தது. நுரை.

1979-லிருந்து 1985 வரைக்கும் நான் பால் எடை எழுதினேன். பதினோரு மணிவாக்கில் தோளில் சுமக்கும் காண்டா கம்பில் இரண்டு வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஆட்கள் ஸ்டோருக்கு வருவார்கள். பெரும்பாலும் பெண்கள். வாளியைத் தராசில் மாட்டி நான் எடையைக் கூப்பிட்டு எழுத வேண்டும், கொஞ்சம் பால் எடுத்து மெட்ரோலாக் போட்டு அதில் எவ்வளவு ரப்பர் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பாலில் மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர், மிச்சம் தண்ணீர். வாளியில் மேலே நுரை நிற்கும். ‘நுரைக்கு அரைக் கிலோ’ என்று சொல்லிக் கழித்துவிட்டு எழுதுவேன். தோட்டத்தில் அப்படி ஒரு விதியே கிடையாது, நானாகச் சொன்னது. 22 பேர். நாளுக்கு 11 கிலோ பால். அந்த 11 கிலோவை எனக்கு வேண்டிய ஒரு ஆள் பேரில் ஏற்றுவேன். சம்பள நாளில் அவன் எனக்குப் பாதி கொடுப்பான். மொத்தமே மாதம் இருபது வெள்ளி (ரிங்கிட்) மட்டும்தான் வரும், என் பங்கு பத்து. மாதம் பத்து வெள்ளிக்கு இருபது வருடம் நன்மை வாங்காமல் உட்கார்ந்திருந்த முட்டாள் நான்.

1981-ல் கல்யாணத்துக்கு முன்னால் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார்கள், போனேன். இதை மறைத்துவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். தெரிந்தே மறைத்தால் அந்தப் பாவசங்கீர்த்தனமே செல்லாது, அதுவும் தனிப் பாவம். இதை அழுத்திச் சொல்கிறேன். மறந்துபோனது வேறு, மறைத்தது வேறு. மறந்தது மற்றதோடு சேர்ந்து மன்னிக்கப்பட்டுவிடும், கனமானதாக இருந்தால் அடுத்த தடவை ஞாபகமாகச் சொன்னால் போதும். மறைத்தது பாலில் விழுந்த அமோனியா மாதிரி, ஒரு சொட்டு என்றாலும் மூக்குக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

சரி, இப்போது உள்ளே போகிறீர்கள். முழங்கால் போடலாம், நாற்காலியில் உட்கார்ந்து முகம் பார்த்தும் பேசலாம். 1973-ல் வந்த புதிய சடங்கு முறைக்கு அப்புறம் இரண்டும் உண்டு. எனக்குத் திரைக்குப் பின்னால் இருப்பதுதான் பிடிக்கும், ஆனால் அன்றைக்குக் கிடைத்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான். சிலுவை அடையாளம் போடுங்கள். ‘சாமி, பாவியாகிய என்னை ஆசீர்வதியும். பாவசங்கீர்த்தனம் செய்து இத்தனை வருடம் ஆகிறது’ என்று தொடங்குங்கள். அந்த இரண்டாவது வாக்கியம்தான் கஷ்டம். அதைச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. வருடத்தைக் கேட்டுச் சாமி அதிர்ச்சி அடைவார் என்று நினைக்காதீர்கள். வருடத்துக்கு ஒரு தடவையாவது போக வேண்டும் என்று 1215-லேயே நான்காம் லாத்தரன் சங்கத்தில் விதி போட்டிருக்கிறார்கள். அப்போதே ஆட்கள் தள்ளிப்போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். மந்திரம் மறந்துபோயிருந்தால், ‘எனக்கு எதுவும் ஞாபகம் இல்லை, நீங்களே நடத்துங்கள்’ என்று சொல்லிவிடுங்கள். அவர் வரிக்கு வரி எடுத்துக் கொடுப்பார்.

அப்புறம் பாவத்தைச் சொல்லுங்கள், கதையைச் சொல்லாதீர்கள். ‘என் மருமகள் இருக்கிறாளே சாமி’ என்று தொடங்கினால் அது மருமகளின் பாவசங்கீர்த்தனம். ‘குடித்தேன், அடித்தேன், எட்டு வருடம்’ என்றால் அது உங்களுடையது. ‘உலகத்தில் உள்ள எல்லாப் பாவமும் செய்துவிட்டேன்’ என்று சிலர் பெரிய மனதாகச் சொல்வார்கள். எதையும் சொல்லாமல் தப்பிக்க அதைவிட நல்ல வழி கிடையாது.

இன்னொன்று, எந்த மொழியில் சொல்வது என்பது. இதை எனக்குக் கற்றுக் கொடுத்தவர் தமிழ் தெரியாத ஒரு சாமி.

2004 ஜூலை, அன்னம்மாள் கோயில் வளாகம். நான் தமிழ் வரிசையில்தான் நின்றேன். எனக்கு நாலு ஆள் முன்னால் எங்கள் பழைய தோட்டத்துக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார். அவ்வளவுதான், மெல்ல நகர்ந்து இங்கிலீஷ் வரிசைக்குப் போய்விட்டேன். அங்கே வயதான சீனச் சாமி ஒருவர், கழுத்தில் ஊதா நிற ஸ்தோலா, கையில் வியர்வை துடைக்க ஒரு சின்னத் துண்டு. ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இங்கிலீஷ் எனக்கு ஆபீஸ் மொழி. மாத ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி எல்லாவற்றையும் கடகடவென்று சொன்னேன். எடையில் குறைத்து எழுதினேன், இத்தனை பேர், இத்தனை வருடம். தொண்டை கொஞ்சம்கூட அடைக்கவில்லை. சாமி கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, ‘அதை உங்கள் வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு தடவை சொல்லுங்கள்’ என்றார். ‘உங்களுக்குத் தமிழ் தெரியுமா ஃபாதர்?’ என்றேன். தெரியாது என்று தலையாட்டினார். ‘எனக்காக இல்லை’ என்றார்.

‘பொம்பளைங்க தூக்கிக்கிட்டு வந்த பால்ல நான் அரைக் கிலோ திருடினேன்’ என்று சொல்ல வாயெடுத்தேன். ‘திருடினேன்’ வரும்போது குரல் போய்விட்டது. இங்கிலீஷில் அந்தச் சொல்லையே நான் பயன்படுத்தவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர் அந்தத் துண்டை என்னிடம் நீட்டினார். அதில் அவர் வியர்வை. அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆகவே எந்த மொழியில் பாவம் செய்தீர்களோ அந்த மொழியில் சொல்லுங்கள். சாமிக்குப் புரிய இன்னொரு தடவை மலாயிலோ இங்கிலீஷிலோ சொல்லிக்கொள்ளலாம்.

அப்புறம் அவர் ஒரு கேள்விதான் கேட்டார். ‘அந்தக் காசு?’ செலவாகிவிட்டது என்றேன். ‘திருப்பிக் கொடுக்க மனது இருக்கிறதா?’ இருக்கிறது என்றேன். உடனே கையை நீட்டி, தந்தை, மகன், தூய ஆவியின் பேரால் மன்னிப்பு வார்த்தையைச் சொல்லிவிட்டார். கொடுத்துவிட்டு வா, அப்புறம் சொல்கிறேன் என்று சொல்லவில்லை. அபராதமாக 51-ஆம் சங்கீதத்தை, தாவீது ராஜா தன் பாவத்துக்கு அழுத பாட்டை, ஒரு தடவை வாசிக்கச் சொன்னார். அதைக் கோயிலை விட்டு வெளியே போவதற்கு முன்னாலேயே முடித்துவிடுங்கள். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்றால் சாப்பாடு, சீரியல், தூக்கம், மறந்தே போகும்.

அவ்வளவு லேசாகவா மன்னிப்பு கிடைக்கும் என்று என் மைத்துனிகூடக் கேட்டாள். அவள் லுத்தரன் சபை. ‘நாங்க நேரா ஆண்டவர்கிட்டயே சொல்லிடுவோம், நடுவுல ஆள் எதுக்கு?’ என்பாள். உயிர்த்தெழுந்த இயேசு சீடர்கள் மேல் ஊதி, நீங்கள் யாருடைய பாவங்களை மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்று சொன்னது யோவான் 20-ல் இருக்கிறது, அதனால்தான் நாங்கள் சாமியிடம் போகிறோம் என்று நான் சொல்வேன். சண்டை முடியாது, சாப்பாடு போட்டுவிடுவாள். ஆனால் அடிப்படையில் அவளும் நானும் சொல்வது ஒன்றுதான். மன்னிப்பு என் அழுகைக்குக் கிடைத்த கூலி கிடையாது. அதற்கான விலையைச் சிலுவையில் இயேசு கட்டிவிட்டார்.

‘மீட்பு’ என்று கோயிலில் சொல்கிற சொல் எனக்குப் பெரியதாகப் படுவது, அதை முதலில் பாஜாக் கடையில், அதாவது அடகுக் கடையில், கேட்டதால்தான். அம்மாவின் சங்கிலி அடகுக்குப் போகும், தீபாவளி கொண்டாடுகிற பக்கத்து வீடுகளின் நகைகளும் அதே கடைக்குத்தான் போகும். கடைக்காரர் சீட்டு எழுதித் தருவார், கெடு தாண்டினால் நகை போச்சு. ஒரு வருடம் கெடுவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது பெரியப்பா சொல்லாமல் கொள்ளாமல் போய்க் காசைக் கட்டிச் சங்கிலியை மீட்டுக்கொண்டு வந்து அம்மாவின் உள்ளங்கையில் வைத்தார். சங்கிலி தன்னை எப்படி மீட்டுக்கொள்ளும்? இரும்புப் பெட்டிக்குள் கிடந்து அது எவ்வளவு பளபளத்தாலும் வட்டி குறையாது. வேறு ஒருவர் கட்ட வேண்டும், கட்டினார். நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அம்மாவின் அந்த உள்ளங்கைதான் ஞாபகம் வந்தது.

மன்னித்த பாவத்தைத் திரும்பத் திரும்பக் கொண்டுபோகாதீர்கள். அடுத்த மாதமே நான் அதையே போய்ச் சொன்னேன். எங்கள் பங்குச் சாமி, ‘மீட்ட நகைக்கு யாராவது மறுபடி வட்டி கட்டுவாங்களா?’ என்று கேட்டார். அடகுக் கதையை அவரிடம் சொன்னதும் நான்தான்.

இனி திருப்பிக் கொடுப்பது. கடவுள் கணக்கு தீர்ந்துவிட்டது. ஆனால் அந்தப் பெண்களின் கணக்கு என் பாக்கெட்டில்தான் இருந்தது. பாவம் மன்னிக்கப்பட்டாலும் அதனால் வந்த நஷ்டத்தை ஈடுகட்ட வேண்டும், திருடியதைத் திருப்ப வேண்டும், ஒருவர் பேரைக் கெடுத்திருந்தால் அந்தப் பேரைத் திரும்பத் தூக்கி நிறுத்த வேண்டும் என்பது திருச்சபையின் போதனை. விதிகள் எளியவை. உரியவர் செத்துப்போயிருந்தால் அவர் வாரிசுக்கு. ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாவிட்டால் ஏழைகளுக்கு, நீங்களே வைத்துக்கொள்ள மட்டும் கூடாது. கூட்டாகத் திருடிக் கூட்டாளி தராவிட்டால் முழுதும் உங்கள் தலையில். இப்போது கையில் இல்லாவிட்டால் முடிகிறபோது, கொஞ்சம் கொஞ்சமாக. நீங்கள்தான் என்று காட்டிக்கொள்ளாமல் அனுப்பினாலும் செல்லும். ஒரு எச்சரிக்கை, இது காசு விஷயத்துக்கு. கள்ள உறவு மாதிரியான விஷயத்தை மனது லேசாக வேண்டும் என்று வீட்டில் போட்டு உடைக்கும் முன் சாமியிடம் கேளுங்கள். உங்கள் பாரத்தை இறக்கி இன்னொருவர் தலையில் வைப்பது ஈடு ஆகாது.

நான் கணக்குப் போட்டேன். ஆறு வருடம், மாதம் இருபது, மொத்தம் 1,440 வெள்ளி. 22 பேருக்கு ஆளுக்கு 65 வெள்ளிச் சொச்சம். இருபது வருடத்துக்கு அப்புறம் 65 வெள்ளியை நீட்ட வெட்கமாக இருந்தது. ஆளுக்கு 200 என்று முடிவு பண்ணினேன். மாதம் 50 வெள்ளியை மைலோ டின்னில் போட்டேன், முடிய ஏழு வருடத்துக்கு மேல் ஆனது. மனைவியிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “அப்போ அந்த ரேடியோ?” ஆமாம், அதுவும்தான்.

தோட்டம் அதற்குள் கைமாறி, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, ஒரு பக்கம் தாமானாகவும், அதாவது வீட்டுக் குடியிருப்பாகவும், ஆகிவிட்டது. லயத்து ஆட்கள் சுங்கை பட்டாணி, கூலிம், பட்டர்வொர்த் என்று சிதறிப் போயிருந்தார்கள். கல்யாண வீடு, சாவு வீடு என்று விசாரித்து 13 பேரை, அல்லது அவர்கள் பிள்ளைகளைக் கண்டுபிடித்தேன். மிச்சம் ஒன்பது பேர் காசு, 1,800 வெள்ளி, புனித வின்சென்ட் தே பவுல் சபை வழியாக ஏழைக் குடும்பங்களுக்குப் போனது. ஒரு பையன் வாங்க மறுத்துவிட்டான். “அம்மா இருந்தப்போ வந்திருக்கணும் கிராணி” என்று கதவைச் சாத்தினான். அந்த 200-ஐயும் சபையில்தான் கொடுத்தேன். அவன் சொன்னது சரிதான்.

சுங்கை பட்டாணியில் மலிவு விலை அடுக்குமாடியில், நாலாவது மாடியில் ஒரு அக்கா இருந்தார். அவர் கிறிஸ்தவர் இல்லை, சுவரில் மாரியம்மன் படம். நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்சைத் தொடங்கினேன். பாதியிலேயே நிறுத்தினார்.

“நுரைன்னு கழிச்சியே, அதானே? அப்பவே தெரியும். வாளியைத் தூக்கிட்டு வந்தது நான்தானே. தோளுக்குத் தெரியாதா எடை?”

காசைக் கொடுத்தேன். எச்சில் தொட்டு எண்ணினார். இரண்டாவது தடவையும் எண்ணினார். “மத்தவங்களுக்கும் குடுத்துட்டியா?” என்றார். குடுத்துக்கிட்டு இருக்கேன் அக்கா என்றேன். தலையாட்டிவிட்டு, தண்ணி குடிக்கிறியா என்றார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. நானும் கேட்கவில்லை. நீங்களும் அதை எதிர்பார்த்துக்கொண்டு போகாதீர்கள். கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத்தான் போகிறீர்கள், வாங்க இல்லை.

லோரிக்காரரிடம் இவ்வளவையும் நான் சொல்லவில்லை. நிரை பிடிக்கிற முறையையும், முதல் இரண்டு வாக்கியத்தையும், காகிதத்தையும் மட்டும் சொன்னேன். தவக்காலத்தின் மூன்றாம் சனிக்கிழமை சாயங்காலம் வந்தார். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள். வரிசையில் ஆறு பேர் இருந்தார்கள். இரண்டு தடவை எழுந்து வெளியே போய்விட்டுத் திரும்பி வந்தார், ஒவ்வொரு தடவையும் வரிசையின் கடைசிக்கு. நான் பார்க்காத மாதிரி ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தேன். பூசை மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கடைசி ஆளாக உள்ளே போனார்.

பூசை முடிந்து மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற இடத்துக்கு வந்தார். கண் சிவந்திருந்தது. அந்தத் தாளைக் கையில் கசக்கி வைத்துக்கொண்டு, “கிராணி, லைட்டர் இருக்கா?” என்று கேட்டார்.